கேட்க ஆளில்லாத கருவிகள்

மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டிருந்தபோது அந்த அழைப்பு வந்தது. உள்ளே என் அக்காவின் வலது காலை என்ன செய்வது என்று மருத்துவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். கூப்பிட்டவர் ஆராய்ச்சிக் குழுவின் தலைவர். மலையில் மண் சரிந்த செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. நலம் விசாரிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனை எடுத்தேன்.

"மேடம், மேல நம்ம பெட்டி தப்பிச்சிருச்சா?"

எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. "எந்தப் பெட்டி சார்?"

"டேட்டா பெட்டிதான். உள்ள மெமரி கார்டு இருக்கும். சரிவு நடந்தப்ப மண்ணுக்குள்ள என்ன ஆச்சுங்கிறது முழுசா அதுல பதிவாகியிருக்கும். இந்த மாதிரி டேட்டா எங்கயுமே லேசுல கிடைக்காது மேடம்."

"எங்க அக்காவுக்குக் கால் நசுங்கிப்போச்சு சார்" என்றேன்.

"ஐயையோ" என்றார். நடிப்பில்லை, உண்மையிலேயே வருந்திய குரல்தான். பிறகு, "பெட்டி மேட்டுலதானே நிக்குது? மழையில நனையாம யாரையாவது ஒரு தார்ப்பாய் போட்டு மூடச் சொல்ல முடியுமா?" என்றார்.

போனை வைத்துவிட்டேன். அன்று ஏறிய கோபம் இன்றுவரை இறங்கவில்லை. இறக்கிக்கொள்ள நான் முயற்சி செய்யவும் இல்லை.

நான் போடியில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பிறந்தது மலையில். போடிமெட்டைத் தாண்டி இடுக்கிப் பக்கம் இறங்கும் சரிவில் ஒரு ஏலத்தோட்டம். தொழிலாளர்களுக்குத் தோட்டம் கட்டிக்கொடுத்த வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். அப்படி ஒரு லயத்தில் வளர்ந்தவர்கள் நானும் அக்காவும். நான் படிக்கக் கீழே இறங்கி, அப்படியே கீழேயே தங்கிவிட்டேன். அக்கா இறங்கவில்லை. அத்தான் இறந்து, மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போன பிறகும் அவள் அதே வீட்டில்தான் இருந்தாள். "ஒன் ஊருல எனக்கு வேர்க்கும்" என்பாள். வருடமெல்லாம் ஏலக்காய் எடுக்கிற கை அவளுக்கு. வேலையில்லாத நாளில் அந்தக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடுவாள்.

லயத்துக்கு நேர் மேலே மலை செங்குத்தாக ஏறும். பக்கத்து மலைகளில் மழைக்காலம்தோறும் எங்காவது மண் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு நகரத்து ஆராய்ச்சிக் குழு எங்கள் சரிவைத் தேர்ந்தெடுத்தது. மழையை அளக்க ஒரு கருவி, மண்ணின் ஈரத்தையும் சாய்வையும் பார்க்கக் குழிக்குள் இறக்கிய குழாய்கள், நிலத்தின் நடுக்கத்தைக் கேட்க ஒரு கருவி. எல்லாம் லயத்துக்கு மேலே மேட்டில் ஒரு கம்பத்தில் மாட்டிய இரும்புப் பெட்டியில் போய்ச் சேரும். பெட்டிக்கு மேலே சூரியத் தகடு, முகப்பில் ஒரு பச்சை விளக்கு. பெட்டி தன் கணக்குகளை செல்போன் சிக்னல் வழியாக நகரத்துக்கு அனுப்பும். அங்கே உள்ள கணினி ஆபத்து என்று கண்டால் திரும்ப ஒரு கட்டளை வரும். லயத்து முனையில் கட்டியிருக்கும் அபாயச் சங்கு ஊதும்.

மலை, கருவி, விஞ்ஞானி என்ற மூன்று வார்த்தையையும் சேர்த்துச் சொன்னால் எங்கள் பக்கம் ஜனங்கள் முகம் சுளிப்பார்கள். பொட்டிபுரத்து மலைக்குள் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பிய நாளிலிருந்தே அப்படித்தான். அதனால் குழுத் தலைவர் என்னைத் தேடி வந்தார். "நீங்க அந்த லயத்துப் பொண்ணு. நீங்க சொன்னா கேப்பாங்க" என்றார். சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன்.

காய் உலர்த்தும் ஸ்டோருக்கு முன்னால் இருக்கும் களத்தில் கூட்டம் போட்டோம். எனக்குப் பிடித்த கதையைத்தான் நான் சொன்னேன். நிலவுக்குப் போனவர்கள் கொடி நட்டார்கள், கல் பொறுக்கினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் அங்கே விட்டுவந்த கருவிகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கல்லூரி நாட்களிலிருந்தே எனக்கு அந்தக் கருவிகள்மேல் ஒரு பிரியம். நிலவின் தரையில் ஒரு நடுக்கமானியை வைத்தார்கள். வைத்தவர்களின் காலடி ஓசையையே முதலில் அது பிடித்தது. அவர்கள் கிளம்பி வந்த பிறகும் அது அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு விண்கல் விழுந்தால் சொல்லும். நிலவின் ஆழத்தில் லேசாக ஒரு அசைவு என்றால் சொல்லும். வேண்டுமென்றே ஒரு பழைய கலத்தை நிலவில் மோதவிட்டபோது, நிலவு வெண்கல மணிபோல வெகுநேரம் அதிர்ந்ததை அதுதான் பூமிக்குத் தெரியப்படுத்தியது. "அதோட தங்கச்சிதான் இந்தப் பொட்டி" என்று சொன்னேன். களத்தில் சிரித்தார்கள்.

அக்கா முன்வரிசையில் சாக்குப் பையை விரித்து உட்கார்ந்திருந்தாள். "ஏய், அந்த நிலாப் பொட்டியில இப்ப யாரு கேட்டுக்கிட்டு இருக்கா?" என்றாள்.

"இப்ப யாரும் கேக்கலக்கா. கொஞ்ச வருசம் கேட்டாக. பொறவு பணம் செலவாகுதுன்னு இங்கயிருந்தே ஒரு சிக்னல் அனுப்பி நிறுத்திட்டாக."

"கெட்டுப்போயா நிறுத்துனாக?"

"இல்ல. வேலை செஞ்சுக்கிட்டு இருக்கையிலேயே."

"அப்ப இதையும் நிறுத்திப்புடுவாகளா?"

நான் குழுத் தலைவரைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே எழுந்தார். "நிலாவுல மனுசங்க இல்லம்மா, அதனால நிறுத்தினாங்க. இங்கதான் நீங்க இருக்கீங்களே!" என்றார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

ஆரம்பத்தில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சங்கை ஊதிக் காட்டி, எல்லோரும் களத்துக்கு ஓடிவரப் பழக்கினார்கள். ஒரு மழைக்காலத்தில் நிஜமாகவே ஊதியது. லயம் மொத்தமும் களத்தில் வந்து நனைந்துகொண்டு நின்றது. மண் விழவில்லை. "ஒம் பொட்டியால எங் கொழம்பு அடிப்பிடிச்சுப் போச்சு" என்று அக்கா போனில் என்னை ஏசினாள். ஆனாலும் அவர்களுக்கு ஒரு தைரியம் வந்திருந்தது. முன்பெல்லாம் மழை வலுத்தால் யாராவது ஒரு பெரிய ஆள், "கிளம்புங்க, ஸ்டோருக்குப் போயிருவோம்" என்பார், கிளம்பிவிடுவார்கள். பெட்டி வந்த பிறகு அப்படி யாரும் சொல்வதில்லை. கதவைத் திறந்து மேட்டைப் பார்ப்பார்கள். பச்சை விளக்கு எரியும். கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அந்த விளக்கு பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது என்பதற்கான விளக்கு. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாளிலிருந்தே விடாத மழை. யாரும் தோட்டத்துக்குப் போகவில்லை. மதியத்துக்கு மேல் லயத்தை ஒட்டி ஓடும் ஓடையில் அக்கா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர் செம்மண்ணாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று குறைந்தது. கொட்டுகிற மழையில் ஓடை வற்றுகிறது. மேலே எங்கோ மண் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும். மலையில் வளர்ந்த யாருக்கும் தெரியும். பாத்திரத்தைப் போட்டுவிட்டு எழுந்தவள் மேட்டைப் பார்த்திருக்கிறாள். கடைசி வீட்டுக்காரியும் வெளியே வந்து நின்றிருக்கிறாள்.

"என்ன மதினி, தண்ணி நின்னுபோச்சு?"

"அதான் பாக்குறேன். பச்சை எரியுதே. சங்கும் ஊதலையே."

இரண்டு பேரும் நின்றார்கள். மேலே மரங்கள் ஒடிகிற சத்தம் கேட்ட பிறகுதான் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு கதவைத் தட்டி ஆட்களை வெளியே இழுத்தார்கள். கடைசி வீடு இருந்த இடம் தெரியாமல் போனது. அக்கா வீட்டின் பக்கச் சுவர் சரிந்து அவள் காலில் விழுந்தது. உயிர்ச்சேதம் இல்லை என்று மறுநாள் செய்தியில் சொன்னார்கள்.

ஜீப்பில் போட்டு, மழையோடு மழையாக மலைப்பாதை வளைவுகளில் இறக்கிக் கீழே கொண்டுவந்தார்கள். கடைசியில் மருத்துவர்கள் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "சங்கு ஏண்டி ஊதல?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் மறுபடி குழுத் தலைவருக்குப் போன் செய்தேன். "திட்டம் முடிஞ்சு ஒரு மழைக்காலமே போயிருச்சே மேடம்" என்றார், என் அறியாமையைக் கண்டு வியந்தவராக. "நிதி அவ்வளவுதான் ஒதுக்கியிருந்தாங்க. கணினிப் பக்கம் நிறுத்திட்டோம். சிம் காலாவதி. எஸ்டேட் ஆபீசுல சொல்லிட்டோமே?" எஸ்டேட் மேனேஜரைக் கேட்டேன். "ஏதோ சொன்னாங்க. கணக்கு முடிக்கிற விஷயம்னு நினைச்சேன்" என்றார். லயத்தில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. பேச்சாளராக மேடையில் ஏற்றி வைத்தார்களே, எனக்கும் சொல்லவில்லை.

மழை விட்டதும் நானும் கடைசி வீட்டுக்காரியும் மேட்டுக்கு ஏறினோம். சரிவின் உதட்டில், அடிப்பகுதி பாதி வெளியே தெரிய, அந்தக் கம்பம் நின்றது. கீழே இடிந்த வீடுகளின் ஓடும் சட்டியும் மண்ணில் கிடந்தன. பெட்டியில் ஒரு கீறல் இல்லை. பச்சை எரிந்துகொண்டிருந்தது.

அவள் ஒரு கல்லை எடுத்து ஓங்கி எறிந்தாள். தகட்டில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது கல்லை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க சின்னக்கா, ஒடைச்சுப்புட்டுப் போவோம்."

"வேணாம். இதைக் கேட்டு அவுக வருவாக. வரட்டும்."

அரிவாளால் கட்டுக் கம்பிகளை வெட்டினோம். பெட்டியைச் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றி, போடியில் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்த வாரம் கல்லூரியில் நான் நடத்த வேண்டியிருந்த பாடமும் நிலவைப் பற்றியதுதான். இத்தனை வருடமாக, "பிறகு அவை நிறுத்தப்பட்டன" என்ற வரியை ஒரு பெருமூச்சோடு கடந்துபோய்விடுவேன். அன்று அந்த வரியில் நின்றுவிட்டேன். யார் நிறுத்தினார்கள்? கோபத்தோடு படிக்கும்போதுதான் சில விஷயங்கள் கண்ணில் படும். நிறுத்தியதோடு கதை முடியவில்லை. அந்தக் கருவிகள் அனுப்பிய பதிவுகளில் ஒரு பகுதி அடங்கிய காந்த நாடாக்கள் எங்கே போயின என்றே தெரியாமல் இருந்தது. பல வருடங்கள் கழித்து வேறு ஆராய்ச்சியாளர்கள் தேடி அலைந்து அவற்றில் கொஞ்சத்தைக் கண்டெடுத்தார்கள். பழைய பதிவிலிருந்து இன்றும் புதுப்புதுச் செய்திகள் எடுக்கிறார்கள். அங்கே விட்டுவந்தவற்றில் இன்றும் உழைப்பவை கண்ணாடிகள் மட்டும்தான். பூமியிலிருந்து ஒளி அனுப்பினால் வந்த வழியே திருப்பி அனுப்பும். அவற்றுக்கு மின்சாரம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். அதனால் பிழைத்தன. மனிதர்கள் தொடர்ந்து கவனிக்க வேண்டிய எதையும் மனிதர்கள் கைவிட்டார்கள். நிலவில் அது வெறும் நஷ்டம். யாருக்கும் கால் போகவில்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்கள்.

குழுத் தலைவர் காரில் வந்தார். என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, மெதுவாக ஆரம்பித்தார்.

"அது அரசாங்கப் பணத்துல வாங்கின கருவி மேடம். நீங்க எடுத்துவச்சிருக்கறது சட்டப்படி தப்பு."

"திட்டம் முடிஞ்சிருச்சுன்னு சொன்னீங்க. முடிஞ்சுபோன திட்டத்துக்கு ஏது சார் கருவி?"

"டேட்டா எங்களுக்குச் சொந்தம்."

"கால்?"

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். மாலையில் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். "ஏம்மா, திருட்டுக் கேஸ்னு சொல்றாங்க. கல்லூரிப் பேரு கெடும். கொடுத்துருங்க" என்றார். "திருட்டுன்னா போலீஸ்ல புகார் கொடுக்கச் சொல்லுங்க சார். என்ன நடந்துச்சுன்னு அங்கயே சொல்றேன்" என்றேன். புகார் எதுவும் வரவில்லை.

நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். கார்டை என் அக்காவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து திறக்க வேண்டும். அதில் என்ன இருக்கிறதோ, அதை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். சில நாள் இழுத்தடித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

மடிக்கணினியோடு அவர் மருத்துவமனைக்கு வந்தபோது அக்கா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கடைசி வீட்டுக்காரியும் வந்திருந்தாள். திரையில் கோடுகள் ஓடின. அவர் முகத்தில் அவரையும் அறியாமல் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். எத்தனையோ இரவு கண்விழித்துத் தேடிய ஒன்று கிடைத்தவரின் முகம் அது. அந்த முகத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

"நாங்க ஓடுனதும் இதுல இருக்குமா சார்?" என்று அக்கா கேட்டாள்.

"இருக்கும்மா. இந்தா, பொடிப்பொடியா இருக்குல்ல, இது காலடி மாதிரிதான் தெரியுது."

"உருள் பொட்டி மண்ணு இறங்குறதுக்கு முன்ன மலை ஏதும் சொல்லுச்சா?"

அவர் திரையை நகர்த்தினார். பின்னால், இன்னும் பின்னால் போனார். தட்டையாக ஓடிய கோடு ஓரிடத்தில் மேலேறத் தொடங்கியிருந்தது. அங்கே கை நின்றது.

"சொல்லுங்க சார்" என்றேன்.

"இங்கயிருந்து சாய்வு கூடியிருக்கு. மண்ணுல ஈரமும் எல்லை தாண்டியிருக்கு."

"பொட்டி வேலை பாத்திருந்தா சங்கு எப்ப ஊதியிருக்கும்?" இது அக்கா.

"பெட்டி வேலை பார்த்துக்கிட்டுதான்மா இருந்துச்சு. அந்தப் பக்கம் கணினிதான்..." நிறுத்திக்கொண்டார். "காலையிலயே ஊதியிருக்கும்."

"நான் சோறு ஆக்குறதுக்கு முன்னயா, பொறவா?"

அவர் அவளைப் பார்க்காமல் சொன்னார். "முன்னாடிம்மா."

கடைசி வீட்டுக்காரி எழுந்து வெளியே போய்விட்டாள். வராந்தாவில் அவள் காறித் துப்பிய சத்தம் கேட்டது. அக்கா அந்தத் திரையையே பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள், "எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா எங்களுக்கும் ஒண்ணு போட்டுக் குடுத்துட்டுப் போங்க" என்றாள். அதே இடத்தில் ஒரு பிரதி எடுத்து வாங்கிக்கொண்டு, பெட்டியையும் கார்டையும் கொடுத்தோம்.

அந்தப் பிரதிதான் எங்களுக்குக் கொஞ்சம் உதவியது. அதிகாரிகள் விசாரிக்க வந்தபோது, "எதிர்பாராத இயற்கைச் சீற்றம்" என்று மேனேஜர் சொல்லிமுடிப்பதற்குள் அந்தக் கோடு அச்சிட்ட தாளை நான் விரித்து வைத்தேன். மலை காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை. எங்கள் லயத்தை மூடச் சொன்னார்கள். குடும்பங்களை ரோட்டோரத்தில் சமதரையில் இருக்கும் பழைய லயத்துக்கு மாற்றினார்கள். சங்கு அமைப்பு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை. ஆராய்ச்சிக் குழு எஸ்டேட்டைக் காட்டியது. எஸ்டேட் ஆராய்ச்சிக் குழுவைக் காட்டியது.

இந்த வருடம் அவர்களுடைய கட்டுரை வெளியானது. நல்ல கட்டுரை, இயற்பியல்காரியாக அதை மறுக்க மாட்டேன். வரைபடங்கள் துல்லியம். அக்காவும் மற்றவர்களும் அதில் ஒரே இடத்தில் வருகிறார்கள். சரிவின் கீழ்ப்பகுதியில் ஒரு குடியிருப்பு இருந்ததாக ஒரு வரி. அவர்கள் ஓடிய காலடிகளை, தேவையற்ற இரைச்சல் என்று வடிகட்டி நீக்கியிருந்தார்கள்.

அக்கா இப்போது என்னோடு போடியில் இருக்கிறாள். வேர்க்கிறது என்று தினமும் சொல்கிறாள். செயற்கைக் கால் பொருத்தி நடக்கிறாள். சரிவில் ஏற முடியாது. பக்கத்துத் தெருவில் ஒரு வியாபாரியின் கிடங்குக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறாள். கைக்கு வேலை கிடைத்துவிட்டது.

போன மாதம் வேறொரு குழு, வேறொரு மலை, அதேபோல ஒரு பெட்டி. தொடக்க விழா என்று கேள்விப்பட்டேன். அழைப்பில்லை. கல்லூரிக்கு விடுப்புப் போட்டு, காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பில் தொற்றிக்கொண்டு போனேன். பேச ஆசைப்படும் ஆசிரியை என்று நினைத்து மைக்கைக் கொடுத்தார்கள்.

"இந்தப் பெட்டி சொல்றதை அந்தப் பக்கம் யாரு கேக்குறா, எதுவரைக்கும் கேப்பாங்க, நிறுத்துற அன்னைக்கு உங்க வீட்டு வாசல்ல வந்து யாரு சொல்லுவாங்க? இந்த மூணையும் கேக்காம ஒருத்தரும் கை தட்டாதீங்க" என்றேன். பச்சை விளக்கைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்போது ஒருவர் வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். நேரமாகிவிட்டதாம். நான் இறங்கி ஓரமாக நின்றேன். கூட்டத்தில் ஒரு பெண் எழுந்து, "அந்தம்மா கேட்டதுக்குச் சொல்லுங்க" என்றாள். இன்னொருத்தியும் எழுந்தாள். மேடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதுவரைக்கும் என்பதற்கு, "விசாரிச்சுச் சொல்றோம்" என்றார்கள். எழுந்த பெண்கள் உட்காரவில்லை. நான் கிளம்பும்போதும் சத்தம் ஓயவில்லை.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் காலைக் கழற்றி வைத்துவிட்டு முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மைக்கப் புடுங்குனானா?"

"ஆமா."

"புடுங்குனா என்ன? ஒனக்குத் தொண்டை இல்லையா? கத்த வேண்டியதுதான?" என்றாள். இரவுச் சாப்பாடு முடிகிறவரை அதற்காக என்னை ஏசிக்கொண்டே இருந்தாள்.